அஸ்ஹர் முதலாளியின் மெஷின்

பக்கவாதத்தில் விழுந்த ரப்பர் தோட்டத் தொழிலாளி நாகலிங்கத்துக்கு ஒரே ஆசைதான்: சோற்றைத் தன் கையால் பிசைந்து தின்ன வேண்டும். ஆஸ்பத்திரியில் கையை அசைய வைக்கத் தலைமேல் காந்த மெஷின் வைத்துப் பார்த்தார்கள். அதே வைத்தியத்துக்கு வந்த கடைக்கார அஸ்ஹருக்கு விரல் மடங்கியது, இவருக்கு அசையவில்லை.

“தோட்டத்தானுக்குக் கரண்டைக் குறைச்சுட்டானுங்க!” என்று மறுமுறை அஸ்ஹருக்கு வைத்த மெஷினில் போய் உட்கார்ந்தார். அங்கேயும் அதே கதைதான்.

டாக்டரம்மா சிரித்தார். “எல்லாம் ஒரே மெஷின்தான் ஐயா. மூளை பழகுற விதம் பிறவியிலயே ஆளுக்கு ஆள் வேற. நீங்க கைப்பயிற்சி கூடுதலா செய்யணும்.”

“நம்ம ரப்பர் மரம் மாதிரின்னு சொல்லுங்க. ஒரே மருந்தைப் பூசினாலும் ஒண்ணு பால் கொட்டும், ஒண்ணு முறைச்சுக்கிட்டு நிக்கும்.”

அன்றிலிருந்து வீட்டு ரொட்டி மாவெல்லாம் பிசைவது அவர் அந்தக் கையால்தான். மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம், தன் கையால் பிசைந்த சோறு சிந்தாமல் வாய்க்குப் போனது.

“உப்பு பத்தல,” என்றார்.

“நான் ஊட்டினப்ப குறை சொல்ல வாயே தொறக்கல, இப்ப பேச்சப் பாரு!” என்று மனைவி தங்கம்மா இன்னொரு அகப்பை சோறு போட்டாள்.