உலரவிட்ட கை

துரை என் பூனை. அவன் சாகக் கிடந்து பிழைத்து எழுந்த மறுநாள் காலையிலேயே என் தங்கையின் கணவர் மாடிப்படியைப் பழையபடி பினாயில் ஊற்றித் துடைத்தார். அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன்.

வீடு ஒன்றுதான். கீழே தங்கையும் மாப்பிள்ளையும். மேலே ஒற்றை அறையில் நானும் துரையும். மாப்பிள்ளையின் தொழிலே பினாயில்தான். மூலச் சரக்கைப் பீப்பாயில் வாங்கிக் கொல்லைப்புறத்தில் வைத்துக் கலந்து, பாட்டிலில் அடைத்து, ஸ்டிக்கர் ஒட்டித் தெருத் தெருவாக விற்பார். ஸ்டிக்கரில் ஒரு பூனைக்குட்டியின் படம். அதன் கீழே ‘செல்லப்பிராணிகளுக்கும் பாதுகாப்பானது’ என்று இருக்கும். விடிந்ததும் எங்கள் படியை அவரே துடைப்பார். தண்ணீர் அதிகம் சேர்க்க மாட்டார். தெருவில் போகிறவர்களுக்கும் வாசனை எட்ட வேண்டுமாம்.

அந்த ஈரத்தில்தான் துரை இறங்கி ஏறுவான். பிறகு என் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு பாதமாக நக்கிச் சுத்தம் செய்வான். ஒரு நாள் வாயில் எச்சில் கயிறாக ஒழுகியது. பின்னங்கால்கள் பின்னிக்கொள்ளக் கீழே சாய்ந்தான்.

மிருக டாக்டர் அவன் பாதத்தை மோந்து பார்த்தார்.

“தரையை எதால துடைக்கிறீங்க?”

சொன்னேன்.

“நாய்னா கொஞ்சம் தாங்கும். பூனையோட ஈரலுக்கு இதை வெளியேத்தத் தெரியாது. பொழைச்சா அதிர்ஷ்டம். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

பாச்சை உருண்டை, கொசுவத்தி, எலி மருந்து எல்லாவற்றையும் வெளியேற்றச் சொன்னார். அன்றே வெளியேற்றினேன். மாப்பிள்ளையைத்தான் வெளியேற்ற முடியவில்லை.

“கண்டதைத் தின்னிருக்கும் மச்சான்,” என்றார் அவர். “பூனைக்காக ஏவாரத்தை மூடணுமா? வேணும்னா அதுக்கு நாலு செருப்பு வாங்கிப் போடுங்க.”

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். மறுநாள் படியோடு நிற்காமல் என் அறை வாசலையும் சேர்த்துத் துடைத்திருந்தார்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அவசரப்பட்டால் சில்லு தெறிக்கும். பொறுத்தால் விளிம்பு படியும். துரையை அறைக்குள்ளேயே பூட்டி வைத்தேன். அவன் கதவைப் பிறாண்டிப் பிறாண்டி அடிப்பக்கத்துச் சாயமே உரிந்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் யோசித்தேன்.

ஞாயிறுதோறும் தெருமுனைக் கூடத்தில் மாப்பிள்ளை சரக்கைச் செய்து காட்டுவார். பத்துப் பதினைந்து பெண்கள் வருவார்கள். மூன்று ஞாயிறு நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சு: “குழந்தை தவழலாம், பூனை நக்கலாம். இதுல முக்குன கையால நானே சாப்பிடுவேன்.” தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.

நான்காவது ஞாயிறு ஒரு தட்டில் இரண்டு துண்டு ரொட்டி எடுத்துப் போனேன். அந்தப் பேச்சு வந்ததும் எழுந்தேன்.

“மாப்பிள்ளை, மூணு வாரமா சொல்றீங்க. ஒரு தடவை சாப்பிட்டுக் காட்டுங்களேன்.”

“என்ன மச்சான், விளையாட்டா?”

“துரை என்ன செஞ்சானோ அதைத்தான் கேக்குறேன். எங்க படியில ஊத்துற மாதிரியே ஊத்துங்க. கையை வைங்க. துடைக்காம உலர விடுங்க. அப்புறம் ரொட்டி.”

முன்வரிசையில் இருந்த தையல்காரம்மா பக்கத்தில் இருந்தவளிடம், “நல்லதாப் போச்சு. வீட்டுல சமைச்சதைத்தான் ஆம்பளைங்க குறை சொல்வாங்க, இதை என்ன சொல்றாருன்னு பாப்போம்,” என்றாள். கூடமே சிரித்தது.

மாப்பிள்ளையும் சிரித்தபடியே மேசையில் இருந்த வேறொரு தட்டில் ஊற்றி உள்ளங்கையைப் பதித்தார். கை உலரும் வரை யாரும் நகரவில்லை. விரலிடுக்குகள் வெளுத்துச் சுருங்குவது பின்வரிசைக்கும் தெரிந்தது. ரொட்டியை எடுத்தார். என்னைப் பார்த்தார். போதும் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். நான் சொல்லவில்லை. அவர் அதைத் தின்றிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ரொட்டி உதடு வரை போயிற்று.

“வேண்டாங்க,” என்றாள் என் தங்கை.

பாட்டில் கூடையோடு கதவோரம் நின்றிருந்தாள். கூடையைக் கீழே வைத்தாள்.

“கீழ போடுங்க அதை. கலக்கும்போது தோள்வரைக்கும் வர்ற கையுறை வாங்கிக் கொடுத்தது நீங்கதானே எனக்கு. மூக்குக்கு முகமூடியும். ஒரு சொட்டு மேல பட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவுன்னு சொன்னதும் நீங்கதானே.”

தையல்காரம்மா, தான் வாங்கி மடியில் வைத்திருந்த பாட்டிலைத் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அதை மேசைமேல் வைத்தாள். ஒருத்தர் பின் ஒருத்தராக மற்றவர்களும் வைத்தார்கள். மாப்பிள்ளை மூலையில் இருந்த குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்தார். சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார்:

“இப்ப திருப்தியா மச்சான்?”

“இல்ல மாப்பிள்ளை.”

“இனிமே இந்தத் தெருவுல ஒரு பாட்டில்கூட விக்காது. இன்னும் என்னதான் வேணும்?”

“படி.”

வாளியில் வெந்நீரும் துணியும் கொண்டு வந்து வைத்தேன். மேல்படியிலிருந்து முழங்கால் போட்டுத் தேய்த்துக்கொண்டே இறங்கினார். முதல் வாளித் தண்ணீர் பால்போல வெளுத்தது. மூன்றாவது தெளிந்தது. நான்காவது வாளி முடிந்ததும் நானே குனிந்து ஒவ்வொரு படியாக மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.

மேலே துரை கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார்.

“போதும்ணா,” என்றாள் தங்கை.

நான் வாளியை எடுத்துப் போய் ஐந்தாவது முறையாக நிரப்பினேன்.