ஜும்ஆவுக்கு முந்திய ஆறு அடுக்கு

மீன்பிடிக்கும் ரிப்கானின் பழைய நாற்பது குதிரைவலுப் படகு எஞ்சினை வாங்க வந்தவர், தான் சிலாபத்துக்காரர் என்றார். கற்பிட்டியில் எவரும் கேட்காத உயர்ந்த விலைக்குக் கேட்டார். ஆனால் கொடுப்பது காசாக அல்ல, கைப்பேசி வழியாக ஒரு கிரிப்டோ நாணயமாக. அதை மறுநாளே ரூபாயாக்கித் தருவதாக ஃபோன் கடை வைத்திருக்கும் மச்சான் இன்சாப் சொன்னதால் ரிப்கான் சம்மதித்தான். ஒக்டோபரில் மீன்பிடிப் பருவத்துக்குக் கடல் திறக்குமுன் அந்தப் பணத்தில் புது எஞ்சின் எடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நாணயம் வந்தது. பத்து நிமிடத்துக்கு ஒன்றாக அதன்மேல் புதிய பதிவுகள் அடுக்காக ஏறும், அடுக்கு உயர உயரக் கலைப்பது கஷ்டம் என்று இன்சாப் விளக்கினான். ஆனால் இது சின்ன நாணயம், பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் பொறுப்போம் என்றும் சொன்னான்.

ஆறாவது அடுக்கு ஏறும்போது பன்னிரண்டு மணி. வந்தவர் லொறி நிழலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகு யாவாரம் கூடாது.

"பாங்குக்கு முந்தி முடிச்சிருவம் மச்சான்," என்றான் ரிப்கான். "இழுத்துக்கொண்டு நிண்டா யாவாரத்துல பரக்கத் இல்ல."

யாவாரம் முடிந்ததாகக் கை கொடுத்தார்கள். எஞ்சின் லொறியில் ஏறியது.

தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது கணக்கில் ஒன்றுமில்லை. இன்சாப் நெடுநேரம் திரையைத் தேய்த்தான்.

"ஆரும் எடுக்கல்ல மச்சான். உனக்கு வரவே இல்லையெண்டு இரிக்கி."

அந்த நாணயத்தின் பதிவுகளை எழுதும் கணினிகளின் பலத்தில் பாதிக்கு மேல் அன்று சில மணி நேரம் யாரோ கைப்பற்றியிருந்தார்கள். அதே நாணயத்தைத் தங்களுக்கே அனுப்பியதாக வேறு அடுக்குகள் கோத்த இன்னொரு சங்கிலியை மறைவில் வளர்த்து, அது நீண்டதும் வெளியே விட்டார்கள். நீளமான சங்கிலியே உண்மை என்பது விதி. ரிப்கான் நம்பிய ஆறு அடுக்கும் அதன்மேல் ஏறியவையும் கழன்று விழுந்தன. பெரிய நாணயச் சந்தைகளிலும் அன்று அப்படித்தான் நடந்ததாம்.

வாங்கியவரின் ஃபோன் அணைந்திருந்தது. பொலிஸில் கைப்பேசியைக் காட்டினான். அதில் பணம் வந்த அடையாளமே இல்லை. எஞ்சினை நீங்களே சம்மதித்துக் கை கொடுத்துத்தானே கொடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டு முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள்.

ஒக்டோபரில் கடல் திறந்தது. ரிப்கானின் படகு தார்ப்பாயின் கீழ் கிடக்க, அவன் ஊர் மூத்தவர் இஸ்ஹாக் காக்காவின் படகில் கூலிக்குப் போனான்.

"கடல்ல விழுந்த எஞ்சினெண்டாச் சுழியோடி எடுக்கலாம்," என்றார் இஸ்ஹாக். "இது எந்தக் கடல்ல தம்பி விழுந்திச்சு?"

ரிப்கான் வலையை இழுத்துப் படகில் போட்டான்.

கரைக்கு வந்ததும் இன்சாப்பின் கடைக்குப் போய், அந்தச் சங்கிலி இப்போது எவ்வளவு நீளம் என்று கேட்டான். அவனுக்குப் பணமே வரவில்லை என்று பதிவான அந்த நாளின்மேல் நாலாயிரத்துச் சொச்சம் அடுக்கு ஏறியிருந்தது. அவன் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே இன்னொன்று ஏறியது.