வீச்சுக்கை

இசக்கித்தாய் தன் புருஷன் நயினாரின் ரத்தத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. குழாயில் எடுத்து எந்திரத்தில் சுற்றவிட்டார்கள். சிவப்பு அடியில் தங்கி, மேலே கடலையெண்ணெய் நிறத்தில் ஒன்று தெளிந்து நின்றது. அதைத்தான் டாக்டர் பெனிஷா ஸ்கேனில் பார்த்துக்கொண்டே அவன் வலது தோளுக்குள் ஏற்றினார். பாதி கிழிந்த தசைநார் இதனால் கூடலாம், கூடாமலும் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார்.

"ஒங்க ரத்தந்தான் மருந்து. அது வேலை செய்யட்டும். நான் சொல்லுத வரைக்கும் கையை வீசக் கூடாது."

மீசை அரும்பிய நாளிலிருந்து புரோட்டா வீசிய கை. இப்போது சட்டை மாட்டிவிடக்கூட அவள் வேண்டியிருந்தது. கடை முதலாளி வேல்ராஜ் அண்ணாச்சி நல்ல மனுஷன்தான். ஆனால் நல்ல மனுஷன் கடையிலும் சாயங்காலமானால் புரோட்டாக் கல் காய வேண்டுமே. தற்காலிகமாக ஒரு மாஸ்டரைப் போட்டுவிட்டு வீட்டுக்கே வந்து சொன்னார்: "ஏலே நயினாரு, தசரா வரைக்கும் கல்லு ஒனக்குத்தான். அதுக்குப் பொறவு என்னைக் குத்தம் சொல்லப்படாது."

அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புரோட்டா பழக வருகிறவனிடம் எடுத்தவுடன் மாவைக் கொடுக்க மாட்டார்கள். ஈரத் துண்டைக் கொடுத்து வீசச் சொல்வார்கள். வலி லேசாக அடங்கியதுமே நயினார் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதைச் செய்து பார்த்திருக்கிறான். அவன் துணி அலசுகிறான் என்றல்லவா அவள் நினைத்தாள்! வெளியே வந்தவன் முகத்தில் ரத்தமில்லை.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை.

"பெசஞ்ச ஒடனே மாவை வீசுவியளா? ஊறப் போடுதியள்லா? ஒடம்பு மட்டும் ஊறாண்டாமா?"

அதற்கப்புறம் சொன்னபடி கேட்டான், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது துண்டு வீசிய கதையைக் கேட்டு டாக்டர் ஒரு பாட்டம் ஏசிவிட்டு ஸ்கேன் பார்த்தார். கிழிசல் பெரிதாகவில்லை, கொஞ்சம் கூடிவருகிற மாதிரிகூடத் தெரிகிறது, மெதுவாகப் பயிற்சி தொடங்கலாம் என்றார். தசராவுக்குள் வீச முடியுமா என்று நயினார் கேட்டதற்கு மட்டும் வாக்குக் கொடுக்கவில்லை.

முத்தையாபுரம் பஸ்ஸில் நல்ல கூட்டம். இசக்கித்தாய்க்கு ஒரு சீட்டு கிடைத்தது. அவன் பக்கத்தில் நின்று, கல்லை விட்டால் வேறென்ன தொழில் பார்க்கலாம் என்று அடுக்கிக்கொண்டே வந்தான். பதில் சொல்ல நிமிர்ந்தவள் அவன் கைகளைப் பார்த்தாள். ஸ்கேன் கவர் அவன் இடது கையில் இருந்தது. வலது கை, காதைத் தாண்டி உயர்ந்து, மேல்கம்பியைப் பிடித்திருந்தது. அது அவனுக்கே தெரியவில்லை.

சொன்னால் கையை இறக்கிவிடுவானோ என்று பயந்து, பொங்கி வந்த சந்தோஷத்தை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே உப்பளத்தில் வெயில் விழுந்து, கண் கூசக் கூச வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள் வந்துகொண்டே இருந்தன.