பெட்டியின் மேல் எழுதிய பெயர்

என் கணவர் ஷிகேகி காத்திருப்பதில் மன்னன். "அடுத்த மாடல் வருதாம்" என்று சொல்லியே எங்கள் ரைஸ் குக்கரைப் பதினாறு வருடம் ஓட்டினார். என்னைக்கூட, வீட்டில் எனக்கு வேறு வரன் பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்த பிறகுதான் பெண் கேட்டு வந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேம் மெஷின் கதையும் அதேதான். எங்கள் மகள் கனோகோவுக்கு ஆறு வயதாக இருந்தபோது அப்பாவும் மகளும் ஒரு பழைய மெஷினில் கார் பந்தயம் ஆடுவார்கள். பிள்ளைதானே என்று விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை இவர். அவள் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஒருநாள் அந்த மெஷின் உயிரை விட்டது. புதியது கேட்டாள். "அடுத்தது வரப்போகுது, பொறு" என்றார். அடுத்தது வந்தது. "முதல்ல வர்றதுல கோளாறு இருக்கும்" என்றார். கோளாறு தீர்ந்ததும், "மெலிசா ஒண்ணு வருமாம்." மெலிசும் வந்தது. அதற்குள் அதற்கடுத்த தலைமுறை பற்றி வதந்தி கிளம்பிவிட்டது. ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்கக் கூடாதா என்பார். பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டில் அது ஆறிக்கொண்டே இருந்தது.

இந்த மார்ச்சில் கனோகோவுக்கு சப்போரோ பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. இருபத்தொன்பதாம் தேதி கிளம்ப வேண்டும். எங்கள் ஒகயாமாவிலிருந்து விமானத்தில் போக வேண்டிய தூரம்.

"அப்பாவை ஒரு தடவையாவது ஜெயிச்சுட்டுப் போகணும்மா" என்றாள். புத்தாண்டுக்குப் பெரியவர்கள் கொடுத்துச் சேர்த்து வைத்திருந்த காசு உறைகளை எல்லாம் பிரித்தாள்.

ஆனால் காசு இருந்தால் மட்டும் போதாது. மெஷினுக்குத் தட்டுப்பாடு. கடையில் குலுக்கலுக்குப் பேர் கொடுக்க வேண்டும். பேர் விழுந்தால்தான் வாங்க முடியும். அதற்குக் கடையின் உறுப்பினர் அட்டை வேண்டும்; வீட்டில் இருந்த ஒரே அட்டை அவருடையது என்பதால் அவர் பேரிலேயே போட்டாள். விழுந்துவிட்டது! ஞாயிறு மாலை ஆறு மணிக்குள், பேருக்குரியவரே அடையாள அட்டையோடு வந்து வாங்க வேண்டும் என்று கடிதம் வந்தது. நானோ அவளோ போனால் தர மாட்டார்கள்.

ஞாயிறு மதியம் அவர் அடியில் சூடு தரும் கணப்பு மேசையின் போர்வைக்குள் காலை நீட்டி உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஜூன்ல அடுத்த மெஷினை அறிவிக்கிறாங்களாம். இப்ப போய் இதை வாங்குறது முட்டாள்தனம்" என்றார்.

கனோகோ சண்டை போடவில்லை. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் தேவலை. 

நான் கணப்பின் சுவிட்சை அணைத்தேன்.

"ஏய், குளிருது!"

"குளிரட்டும். அறிவிச்சா கடைக்கு எப்ப வரும்?"

"அடுத்த வருஷக் கடைசியில."

"கோளாறு தீர?"

"அதுக்கு ஒரு வருஷம்."

"மெலிசா வர?"

"அது ரெண்டு வருஷம் ஆகும். ஏன் கேக்குற?"

"அப்ப உங்க பொண்ணுக்கு எத்தனை வயசு?"

விரலை மடக்கினார். பாதியில் நின்றுவிட்டது. மேலே அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் சர்ரென்று கேட்டது. அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடை ஆறு மணிக்குத்தானே மூடுறான்?"

"கேக்கிறீங்களா, கிளம்புறீங்களா?"

"கனோகோ! ஷூவை மாட்டு!"

மூவரும் போய்ச் சேர்ந்தால், கடையில் இன்னொரு சோதனை காத்திருந்தது. "மன்னிக்கணும் சார். வாங்கி வெளியில விக்கிறவங்க அதிகமாயிட்டாங்க. சீல் ஸ்டிக்கரை இங்கேயே கிழிச்சு, பெட்டி மேல உங்க பேரை எழுதித்தான் தருவோம்" என்றார் விற்பனைப் பெண்.

எனக்குப் பகீரென்றது. வாங்கிய எந்தப் பொருளின் பெட்டியிலும் ஒரு கீறல் விழ விடமாட்டார். அடுத்தது வரும்போது பழையதை நல்ல விலைக்குத் தள்ள வேண்டுமாம். எங்கள் அலமாரியில் துணியைவிடக் காலிப் பெட்டிதான் அதிகம்.

அவர் பெட்டியின் மூலையை விரலால் ஒரு தடவை துடைத்தார். பிறகு, "எழுதுங்க" என்றார்.

'குவாபாரா ஷிகேகி' என்று தடித்த கறுப்பு மையில் பெட்டியின் நெற்றியில் ஏறியது. "அந்தப் பேனாவைக் கொஞ்சம் தர்றீங்களா?" என்று வாங்கி, கீழே 'கனோகோ' என்று அவரே எழுதினார். முதல் வகுப்பில் சேர்த்தபோது அவளுடைய கிரேயான், எண்ணும் குச்சி ஒவ்வொன்றிலும் அவர்தான் பேர் எழுதினார். அதே கோணல் எழுத்து. 

பன்னிரண்டு நாள் ஆடினார்கள். சமைத்தது எல்லாம் ஆறிப்போனது. நான் திட்டவில்லை. இருபத்தேழாம் தேதி, கடைசி வளைவில், ஒரு சக்கர நீள வித்தியாசத்தில் கனோகோ ஜெயித்தாள்.

"விட்டுக்கொடுத்தீங்களாப்பா?"

"என்னைப் பத்தி உனக்குத் தெரியாது?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நிஜமாகவே தோற்ற முகம் அது. அன்று முழுக்க முறைத்துக்கொண்டும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டும் திரிந்தார்.

அவள் கிளம்பும்போது அந்தப் பெட்டியை அவரே கட்டிக் கொடுத்தார். "எடுத்துட்டுப் போ. நான் அடுத்தது வர்ற வரைக்கும் பொறுத்துக்கிறேன்." அந்தப் பேச்சைக் கேட்டு எனக்குக் கோபம் வராதது அன்றுதான்.

ஏப்ரலில் ஒருநாள் போனோடு சமையலறைக்கு வந்தார்.

"உன் பேர்ல ஒரு கடை அட்டை வாங்கிக் குலுக்கல் போடவா? என் பேர்ல ஆறு மாசத்துக்குப் போட முடியாதாம்."

"எதுக்கு?"

"மெஷினுக்கு. சனிக்கிழமைதோறும் நெட்லயே ஆடலாம்னு கனோகோ சொல்றா."

"ஜூன்ல புதுசு அறிவிக்கிறாங்கன்னீங்க?"

"அறிவிக்கட்டும்."

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது பதில் வந்தது. வருந்துகிறோம், இம்முறை தேர்வாகவில்லை. அவர் பொரித்த மீனைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து கோட்டை மாட்டினார்.

"இப்ப எங்கே?"

"ஸ்டேஷன் பக்கத்துக் கடையிலும் குலுக்கல் இருக்காம், இன்னிக்குத்தான் கடைசி. உன் அடையாள அட்டையை எடு, வா வா" என்றார்.