உழுது மடக்கிய வயல்

மழை விட்ட பதினோராம் நாள்தான் சேதக் கணக்கெடுக்க ஆள் வந்தது. அதற்கு ஆறு நாளைக்கு முன்பே நாகராசு தன் வயலை உழுது மடக்கியிருந்தார்.

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் அந்தத் தையில் அறுப்புக்கு நின்ற நெல்லெல்லாம் சாய்ந்து, தண்ணீருக்குள்ளேயே முளைவிட்டிருந்தது. மற்றவர்கள் அப்படியே போட்டுவைத்தார்கள். நாகராசுவின் வீடோ வயலைப் பார்த்த வீடு. கதவைத் திறந்தால் அந்த ஒன்றரை ஏக்கர்தான் கண்ணில் படும். தெருவில் ஒரு சாவு விழுந்தால், எடுக்கிறவரை எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டாத ஊர் அது. தண்ணீர் வடிந்து, அழுகிய பயிர் வெளியே தெரிந்ததிலிருந்து அவர் மனைவி அழகி உலை வைக்கவில்லை.

"வாசல்ல பொணத்தப் போட்டுக்கிட்டு ஒல வைக்கச் சொல்றீங்களா?" என்றாள்.

பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. மூன்றாம் நாள் தலைசுற்றி விழுந்தாள். நாகராசு உடனே டிராக்டரைக் கூப்பிட்டு, பயிரைச் சேற்றோடு சேர்த்து உழச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் அழகி சோறாக்கினாள், இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

நிவாரணத்தை அதற்குப் பிறகுதான் அறிவித்தார்கள். அரசாங்கத்துக்கு என்ன, வயிறா காய்கிறது? அந்தப் பணம் வந்தால் கடலை விதைக்கலாம். வராவிட்டால் இந்த வருஷம் நிலம் சும்மா கிடக்க வேண்டியதுதான்.

வி.ஏ.ஓ. அருணா செல்போனோடு வரப்பில் வந்து நின்றாள். "பயிர் எங்கங்கய்யா?"

"உள்ளதாம்மா இருக்கு." நாகராசு குனிந்து சேற்றைக் கிளறி, வெள்ளை முளையோடு கறுத்த தாளை ஒரு கைப்பிடி இழுத்துக் காட்டினார்.

"உழுகுறதுக்கு முன்னாடி போட்டோ ஏதும் எடுத்தீங்களா?"

"செத்தத போட்டோப் புடிச்சு வைக்கணும்னு தோணலம்மா."

அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. "நிக்கிற பயிரத்தான் இதுல ஏத்த முடியும்ங்கய்யா. இல்லாட்டி தரிசுன்னுதான் போடணும்."

அந்தச் சொல் நாகராசுவுக்குச் சுருக்கென்று தைத்தது. பணம் போனதைவிட அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"பணம் வராட்டிப் போகுது. தரிசுன்னு மட்டும் போட்றாதீங்கம்மா. நட்டேன், களையெடுத்தேன், கதிரு வாங்குச்சு. ஊரே பாத்துச்சு."

அருணா திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "வேற எடமில்லங்கய்யா," என்று அவர் முகத்தைப் பார்க்காமலே ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு அடுத்த வயலுக்கு நடந்தாள். அங்கே அழுகின பயிர் பத்திரமாக நின்றது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற அழகி, சேற்றில் இறங்கி வந்தாள்.

"நான் கண்ண மூடிக்கிட்டு ரெண்டு வாய் தின்னுருக்கணுங்க," என்றாள். குரல் உடைந்துவிட்டது.

நாகராசு கையிலிருந்த தாளைச் சேற்றிலேயே போட்டு, காலால் மிதித்துப் புதைத்தார்.

"பேசாம வா," என்று அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு அவரே அடுப்பை மூட்டி உலை வைத்தார்.