சிவப்பில் இருப்பதை அழி

செங்கம் ரோட்டில் டயர் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன கம்பெனியில் வளவனுக்கு அது சோதனை மாதம். கல் அறுக்கும் இயந்திரத்துக்கு ஆட்கள் எழுதும் கட்டளையை, இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் கம்பைலரை அங்கே உருவாக்கினார்கள். அந்தக் கம்பைலரின் ஃபைல்களை புரோகிராம் எழுதும் எந்த எடிட்டர் மென்பொருளுக்கும் அடையாளம் தெரியவில்லை. கறுப்புத் திரையில் அத்தனை எழுத்தும் ஒரே வெள்ளை. தரையில் கொட்டின அரிசி மாதிரி.

"எது என்னன்னு பாத்ததும் தெரியற மாதிரி கலர் வச்சிக் குடு. சாயங்காலம் வந்து பாக்கறேன். அத வச்சித்தான் உன்ன சேத்துக்கறதா வேணாவான்னு சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் முதலாளி அருணாதேவி.

வளவனுக்கு வேலை தெரியாமல் இல்லை. சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு ஒன்றுதான். ரயில் ஓட்டும் வேலைக்குப் பரீட்சையில் தேறியும் கண் சோதனையில் திரும்பி வந்தவன். அதற்குமுன் அப்பா அம்மாவோடு சூளையில் செங்கல் சுமந்தான். அங்கே கண்ணை யார் சோதிப்பார்கள், தலையில் எத்தனை கல் நிற்கும் என்றுதான் பார்ப்பார்கள். இந்த விஷயத்தை இங்கே யாரிடமும் அவன் மூச்சு விடவில்லை.

உட்கார்ந்து எழுதினான். இன்ன சொல் வந்தால் கட்டளை, இன்ன மாதிரி வந்தால் எண், இந்தக் குறி தொடங்கி அந்தக் குறி முடியும்வரை கம்பைலர் கண்டுகொள்ளாத வெறும் குறிப்பு என்று ஒவ்வொன்றையும் எடிட்டருக்குச் சொல்லிக்கொடுத்தான். கட்டளைக்கு மஞ்சள், எண்ணுக்கு நீலம், குறிப்புக்கு அடிக்கோடு.

பக்கத்து நாற்காலி கஸ்தூரி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா இது, காதுகுத்து பேனர் மாதிரி கீது? தள்ளு."

அவன் தடுப்பதற்குள் அடிக்கோட்டை எடுத்துவிட்டாள். கட்டளைக்குப் பச்சை, குறிப்புக்குச் சிவப்பு.

"இப்ப பாரு. எவ்ளோ லட்சணமா கீது!"

வளவன் பார்த்தான். திரை முழுக்கச் சேற்று நிறம். "சூப்பர்க்கா" என்றான்.

சாயங்காலம் அருணாதேவி வந்து பின்னால் நின்றார். "பரவால்லியே, பளிச்சுனு இருக்கு. இதுக்கு முன்னாடி இருந்தவங்க வேணாம்னு குறிப்பாக்கி விட்டதெல்லாம் சிவப்பா நிக்குது பாரு. அத அழிச்சிடு."

திரையில் நின்றது ஃபைலின் நடுப்பகுதி. தொடங்கும் குறி மேலே எங்கேயோ, முடியும் குறி கீழே எங்கேயோ. தொடங்கும் குறியைத் தேடி வளவன் மெல்ல மேலே நகர்த்தினான்.

"ஏன் மேல போற? இங்கியே சிவப்பா இருக்குதே."

விரல் நின்றுவிட்டது. குருட்டாம்போக்கில் அழித்தால் நல்ல வரியும் சேர்ந்து போகும், கம்பைலர் படுத்துவிடும். வாயைத் திறந்தால் வேலை போகும்.

"மேடம், எனக்கு சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியுதுங்க. பொறந்ததுலேர்ந்தே. ரயில் வேலை கூட அதனாலதான் கிடைக்கல."

கஸ்தூரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி! அப்ப சூப்பர்னியே?"

"நீங்க ஆசையா வச்சீங்கக்கா."

அருணாதேவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இங்க இன்னா ரயிலா ஓட்றோம்? நீ வச்சிருந்ததக் காட்டு."

காட்டினான். அடிக்கோடு போட்ட வரிகள் தனியாக நின்றன. விறுவிறுவென்று அழித்தான். ஒரு நல்ல வரிகூடப் போகவில்லை. கம்பைலரை ஓட்டினான், சோதனைகள் எல்லாம் தேறின.

"எது என்னன்னு எடிட்டருக்கு சொல்றதுதாங்க மேடம் வேலையே. அது முடிஞ்சிது. கலரு அவங்கவங்க திரையில அவங்கவங்க இஷ்டம். ஃபைல்ல ஒண்ணும் ஒட்டாது."

"அப்ப அவ பச்சய அவளே வச்சிக்கட்டும். நீ திங்கக்கிழம போட்டோ எடுத்துனு வா, ஐடி கார்டுக்கு."

அவர் படியிறங்கியதுதான் தாமதம், கஸ்தூரி துப்பட்டாவைத் தூக்கிக் காட்டினாள். "இது இன்னா கலரு சொல்லு?"

"துவைக்காத கலரு."

"செருப்பு பிஞ்சிடும். இந்தப் பேனா?"

இனி ஒரு மாதத்துக்கு இது ஓயாது என்று வளவனுக்குத் தெரிந்துபோயிற்று. "மேல கேளுங்கக்கா" என்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.