அழுகிற முகத்துக்கு இடமில்லை

தீவின் துறைமுக ஊரில், ஷாதிபூர் ஏற்றத்தில் இருக்கும் அந்த மழலையர் பள்ளிக்கு ஜெயராணி தலைமை ஆசிரியை மட்டுமல்ல. உரிமையாளர், மணியடிப்பவர், ஆண்டு விழாவில் வரவேற்புரையும் நன்றியுரையும் ஒரே ஆளாக ஆற்றுபவர். சென்னைக்குப் பறந்து மூன்று நாள் பயிற்சி முடித்துத் திரும்பியபோது இன்னொரு பட்டமும் சேர்ந்துகொண்டது. 'பாஸ்டரல் கேர் ஒருங்கிணைப்பாளர்.' சான்றிதழைக் கடல்காற்று தின்றுவிடாமல் லேமினேட் செய்து, அதற்கு மேல் கண்ணாடியும் போட்டு, நடையில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டினாள்.

அடுத்த வாரமே பெற்றோர் கூட்டம்.

"ஏபிசிடி எல்லாம் அப்புறம். இனிமே நம்ம ஸ்கூல்ல மொதல்ல பாஸ்டரல் கேர்" என்றாள்.

கடலுக்கு அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் செருப்புக்கடை வைத்திருக்கும் சுஹைப் கையைத் தூக்கினார். "மேடம், பாஸ்டர்னா பாதிரியார்தானே? வரட்டும், நமக்கு ஒண்ணுமில்ல. எந்தக் கிழமைன்னு மட்டும் சொல்லிருங்க."

கூட்டம் சிரித்தது. ஜெயராணி சிரிக்கவில்லை.

"பாதிரியார் எல்லாம் வரமாட்டாருங்க. புள்ள பசியா இருக்கா, பயந்திருக்கா, வீட்ல ஏதாச்சும் நடந்துருச்சான்னு நாங்க பாத்துக்கிறது. பயந்த புள்ளைக்கு எழுத்து ஏறாது. பிடிச்சுக்க ஒரு கை இருந்தாத்தான் மத்ததெல்லாம்."

சொன்னது அத்தனையும் சரி. பயிற்சிக் கையேட்டின் ஏழாம் பக்கத்திலிருந்து ஒரு வரி பிசகாமல் வந்தது.

திட்டம் சுவரேறியது. சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம் என்று மூன்று பெரிய படங்கள். காலையில் வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தன் போட்டோவை எடுத்து, தன் மனசுக்கு ஏற்ற முகத்தின் கீழே ஒட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு பட்டியல்: எந்தப் பிள்ளைக்கு எந்தப் பெரியவர் பொறுப்பு என்று. ஜெயராணி தன் பெயரிலும் ஐந்து பிள்ளைகளை எழுதிக்கொண்டாள். அதில் நான்காவது, சுஹைபின் மகள் ஷாஹிதா. நாலு வயது.

ஆயா சொர்ணம்மாவின் பெயர் பட்டியலில் கிடையாது. கட்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள், இப்போது பாம்பூஃப்ளாட்டில் இருப்பவள். தினமும் காலையில் படகுத்துறையில் சுஹைபிடமிருந்து ஷாஹிதாவை வாங்கிக்கொண்டு, படகில் கடந்து, பேருந்து ஏற்றிக் கூட்டி வருபவளும் அவள்தான். ஆனால் ஆயாக்களை யார் பட்டியலில் சேர்க்கிறார்கள்?

திடீரென்று ஒரு திங்கட்கிழமை ஷாஹிதா தன் போட்டோவை அழுகிற முகத்தின் கீழே ஒட்டினாள். ஜெயராணி கையேட்டில் போட்டிருந்தபடியே குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, "ஏன்டா செல்லம்?" என்று கேட்டாள். பதில் வருவதற்குள் போன் வந்தது. மறுநாளும் அழுகிற முகம். 'கவனிக்கப்படுகிறது' என்று பதிவேட்டில் எழுதினாள். மூன்றாம் நாளிலிருந்து குழந்தையின் கவுன் நனைய ஆரம்பித்தது. 'சிறுநீர் வந்தால் சொல்ல வீட்டில் பழக்கவும்' என்று டைரியில் சிவப்பு மையில் எழுதி சுஹைபுக்கு அனுப்பினாள். வேறென்ன செய்ய? கவனித்தாகிவிட்டது.

இப்படிப் பதினோரு நாள் ஓடியபின் நந்தகுமார் வருவதாகத் தகவல் வந்தது. சென்னையில் பயிற்சி கொடுத்த அதே நந்தகுமார். தீவுகளின் மாதிரிப் பள்ளி என்று இதைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறாராம்.

ஜெயராணி சுவரைப் பார்த்தாள். சிரிக்கிற முகத்தின் கீழே இருபத்தாறு பிள்ளைகள். அழுகிற முகத்தின் கீழே ஒன்றே ஒன்று, பாயசத்தில் முடி கிடந்த மாதிரி.

ஷாஹிதாவைக் கூப்பிட்டாள். "நாளைக்கு சார் வர்றாருல்ல? சார் வர்ற நாள்ல அழுவுற மூஞ்சி வேணாம். நல்ல புள்ளைங்க எங்க ஒட்டுவாங்க?"

குழந்தை சிரிக்கிற முகத்தைத் தொட்டுக் காட்டியது. ஜெயராணியே போட்டோவைப் பெயர்த்து அங்கே அழுத்தி ஒட்டினாள்.

அன்று மத்தியானம் சாமான் அறை ஜன்னலோரம் சொர்ணம்மாவின் மடியில் ஷாஹிதா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஜெயராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எத்தனை வாட்டி சொல்றது, சொர்ணம்மா? மடியில வெச்சு வெச்சுத்தான் இது ஒட்டிக்கிட்டு அழுவுது. நீ ட்ரெயினிங் எடுத்தவளா?"

"இல்லீங்க மேடம்."

"நாளைக்கு சார் முன்னால இப்படிப் பாத்தேன்னா, மறுநாள் போட் ஏறாத. அங்கேயே இருந்துக்க."

சொர்ணம்மா குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள்.

மறுநாள் நந்தகுமார் கதர் குர்தாவும் கேமராவுமாக வந்து சுவர் முன்னால் நின்றார். "வெறும் சுவர் இல்ல மேடம் இது. பிள்ளைகளோட உள்ளத்துக்கு ஒரு ஜன்னல்" என்றார். ஜெயராணி அடக்கமாகத் தலைகுனிந்தாள். கண்ணாடி முன்னால் பழகிய அடக்கம்.

அப்போது ஷாஹிதா உள்ளே வந்தாள். கன்னத்தில் ஈரம். நேரே சுவருக்குப் போய், போட்டோவைச் சிரிக்கிற முகத்தின் கீழே ஒட்டிவிட்டு, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நந்தகுமார் குனிந்தார். "ஏம்மா, கண்ணுல தண்ணி இருக்கு. ஆனா சிரிக்கிற மூஞ்சில ஒட்டிருக்கியே?"

"சார் வர்ற நாள்ல அழுவுற மூஞ்சி வேணாம்னு மேடம் சொன்னாங்க."

போச்சு, மானம் கப்பலேறியது என்று ஜெயராணி நினைத்தாள். ஆனால் நந்தகுமார் நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தீங்களா! சூழ்நிலைக்கு ஏத்தமாதிரி உணர்ச்சியைத் தானே கட்டுப்படுத்துது. நாலு வயசுல! இது உங்க வெற்றி மேடம்." கேமரா மின்னியது.

பிடிபட்டிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. ஷாஹிதா திரும்பி ஒரே ஓட்டமாக உள்ளே ஓடினாள். எங்கே போயிருப்பாள் என்று ஜெயராணிக்குத் தெரியும். சார் கண்ணில் அந்த மடி படுவதற்குள் இறக்கிவிட வேண்டும் என்றுதான் பின்னாலேயே போனாள். சாமான் அறைக் கதவருகே சொர்ணம்மாவின் குரல் கேட்டது.

"இது ஒங்க உம்மா வர்ற ஜஹாஜ் இல்ல தங்கம். இது ஹட்பே போற சின்னது. குட்டையா ஊதுச்சில்ல? சென்னை ஜஹாஜ் நீளமா ஊதும்."

"நேத்தும் சின்னதுன்னுதான் சொன்னீங்க."

"நேத்தும் சின்னதுதான். காலையில போட்ல வர்றப்ப ரெண்டு பேரும் பாத்தோமே, பெரிய ஜஹாஜ் நிக்கிற எடம் காலியா கெடந்துச்சுல்ல?"

"உம்மா மார்க்கெட்டுக்குப் போறாங்கன்னு வாப்பா சொன்னாரு."

"அவரு பயத்துல அப்படிச் சொல்லிட்டாரு. பெரியவங்களும் பயப்படுவாங்க. உம்மா வயித்துல ஆபரேஷனுக்குப் போயிருக்கு. என்னைக்கு வரும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா மொதல்ல ஒங்கிட்டத்தான் சொல்லுவேன். சரியா? வா, கவுன மாத்துவோம்."

ஜெயராணி நின்ற இடத்திலேயே நின்றாள். வீட்ல ஏதாச்சும் நடந்துருச்சான்னு பாக்குறது. ஏழாம் பக்கம். கவுன் நனைந்த நேரமெல்லாம் கப்பல் ஊதிய நேரம். படகில் வரும் ஆயாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பெண்டாட்டியை ஆபரேஷனுக்கு அனுப்பிவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்த மனுசனுக்கு அவள் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருக்கிறாள்.

"யாரு மேடம் அவங்க?" பின்னால் நந்தகுமார். "எவ்வளவு பக்குவமாப் பேசுறாங்க!"

உண்மையைச் சொல்ல அவளுக்கு ஒரு நொடி இருந்தது. வாய் முந்திக்கொண்டது.

"நம்ம ஹெல்பர் சார். எல்லாம் நான் பழக்கி வெச்சதுதான்."

குரல் கேட்டதும் சொர்ணம்மா திடுக்கிட்டு, குழந்தையை மடியிலிருந்து சட்டென்று இறக்கிவிட்டு எழுந்து நின்றாள். நேற்றைய எச்சரிக்கை நினைவிருந்தது. நந்தகுமார் தலையாட்டியபடி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். சொர்ணம்மா ஜெயராணியை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

அவரை வண்டியேற்றிவிட்டு ஜெயராணி மறுபடி சாமான் அறைக்கு வந்தாள். நந்தகுமாரை அனுப்பும்போதே சொர்ணம்மாவிடம் சொல்ல நாலு வாக்கியம் கோத்து வைத்திருந்தாள். அவள் உள்ளே நுழைந்ததும் ஷாஹிதா பார்த்துச் சிரித்தாள். சுவரில் ஒட்டிய முகம் மாதிரியே, பல் முழுக்கத் தெரிய. கண் மட்டும் நிறைந்து நின்றது.

ஜெயராணி தரையில் மண்டியிட்டாள். இந்த முறை கையேடு ஞாபகம் வரவில்லை.

"அழுகை வந்தா அழுவுடா கண்ணு. மேடம் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

குழந்தை இன்னும் அகலமாகச் சிரித்தது.

ஜெயராணி சொர்ணம்மாவைப் பார்த்தாள். சொர்ணம்மா மாற்றுக் கவுனை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். நீங்க செத்த நேரம் வெளிய போனீங்கன்னா, அது அழுதுரும்."

ஜெயராணி எழுந்து வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். நடையில் சான்றிதழுக்குக் கீழே காத்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் அழுகை கேட்டது.